தொண்ணூற்றாறு பாகை

நாற்பத்தேழாவது நிமிடத்தில்
நிதர்சன் தாலியை உயர்த்துகிறான்.
ஆரணி குனிகிறாள்.
திரை கறுக்கிறது.

மூன்று தரம் அப்படித்தான்.
மூன்று தரமும் முதல் முடிச்சுக்கு முன்னால்
விசிறிகள் ஊளையிட்டு
தொண்ணூற்றாறு பாகையில் பெட்டி தானாக அணைந்தது.
கிறேஃபெல்டிலிருந்து பெண்ணின் தகப்பன்
குரல்பதிவு அனுப்புகிறார்:
"தம்பி, பிள்ளையள் ஹனிமூனும் போட்டு வந்திட்டினம்."

ஞாயிறு. வூப்பர்டாலில் மழை.
சன்னலுக்கு நேரே தொங்கு ரயில்
ஆற்றுக்கு மேலே
அரைக் காலியாய், சொட்டச் சொட்டப் போகிறது.
கார்டைக் கழற்றி
மலிவுவிலை விளம்பரத் தாளில் குப்புறப் போட்டேன்.
ஃபோவிங்கலில் ஒருவனிடம்
நூற்றியெண்பது ஈரோவுக்கு வாங்கியது.
நன்றாக ஓடும் என்றான். ஓடியது.

ஸ்பிரிங் வைத்த நான்கு ஸ்க்ரூ.
அதிலொன்றின் தலையில் ஒட்டிய வெள்ளைச் சீலை
எனக்கு முன்பே யாரோ குத்தியிருந்தார்கள்.
ஹீட்சிங்க் வர மறுத்தது.
முடி காயவைக்கும் மெஷினால் சூடு காட்டி
இடமும் வலமுமாய் மெல்லத் திருக
கடைவாய்ப்பல் போல வந்தது.

உள்ளே, சிப்பின் மேல்
சாம்பல் நிறப் பொருக்கு.
ஓரத்தில், தடித்துக் காய்ந்த இடத்தில்
யாரோ ஒருவரின் பெருவிரல்:
சுழி சுழியாய் ரேகை,
குறுக்கே ஒரு பழைய வெட்டு.
விற்றவனுடையதா,
விற்றவனுக்கு விற்றவனுடையதா?
ஆல்கஹாலில் நனைத்த துணி.
இரண்டு தேய்ப்பில் ஆள் போய்விட்டார்.
மூன்றாவதில் சிப் கண்ணாடியானது,
அதில் என் மூக்கும் மேலே குழல்விளக்கும்.

கண்ணாடி மாதிரிதான், ஆனால் சமதளமில்லை.
மேலே வரும் செம்பும் அப்படியே.
எவ்வளவு இறுக்கினாலும்
கண்ணுக்குப் படாத பள்ளங்களில் காற்று தங்கும்.
காற்று சூட்டை விடாது,
கையில் வைத்துக்கொண்டே நிற்கும்.
அதற்குத்தான் பேஸ்ட்.
ஒட்டுவதற்கென்று பலர் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன்.

பயறளவு போதும் என்பவர்கள் உண்டு.
நான் பெருக்கல் குறிக்காரன்.
போட்டேன்.
மூலைக்கு மூலை அரைச்சுற்று, அரைச்சுற்றாய் முறுக்க
ஓரத்தில் கொஞ்சம் பிதுங்கியது,
உணவு நிறைந்த வாய் சிரிப்பதுபோல்.

பூட்டி, ஏற்றினேன்.
எழுபது. எண்பத்தெட்டு.
விசிறி அசையவில்லை.
அதன் வயரைச் செருக மறந்திருக்கிறேன்;
செருகும் இடமோ
ஹீட்சிங்குக்கும் பலகைக்கும் நடுவில்.

ஒருதரம் பிரித்தால் பூசியது பாழ்.
துடைத்தேன். குழாயை அமத்தினேன்.
வந்தது காற்று.
ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில்
பெட்ரோல் நிலையத்தில் பூங்கொத்து வாங்கலாம்,
இது வாங்க ஏலாது.
பற்பசையைப் பார்த்தேன்.
பொய்யில்லை, இருபது வினாடியாவது பார்த்தேன்.

மூன்றாம் மாடி லெனார்ட்
தொட்டி மாற்றிக் குப்பை போட்டதற்கு
எனக்கு ஒருமுறை கடிதம் எழுதியவர்.
பேச்சு அவ்வளவுதான்.
கதவைத் தட்டி, அந்தப் பொருளின்
முழுநீள ஜெர்மன் பெயரை
நடுவில் மூச்சுவிடாமல் சொன்னேன்.
உள்ளே போனார்.
அரைக் குழாயோடும்
ஒரு சின்ன பிளாஸ்டிக் கரண்டியோடும் வந்து
வீட்டுச் செருப்போடு என்னோடு இறங்கினார்.

"பூசி விட வேண்டும்."
"பெருக்கல் குறி போதும்."
"என் பேஸ்ட்" என்றார்.
அவர் பூசினார்,
தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற கவனம்.
நான் டார்ச் பிடித்தேன்.
வயரை இருவரும் இரண்டுதரம் பார்த்தோம்.

ஐம்பத்தொன்பது. அறுபத்திரண்டு.
அறுபத்திமூன்றில் நின்றது.
மழையும் ரயிலும் அடுத்தடுத்துப் போயின.
நாற்பத்தேழாவது நிமிடத்தில்
நிதர்சன் தாலியை உயர்த்தினான்,
ஆரணி குனிந்தாள்.
எத்தனை முடிச்சு என்று லெனார்ட் கேட்டார்.
மூன்று என்றேன்.
விரலை மடக்கி எண்ணினார்,
ஒன்று,
இரண்டு,
நாத்தனாரின் தலை மறைத்தது. மூன்று.

பிறகுதான் எழுந்தார்.
குழாயை மேசையிலேயே விட்டு
வாசலில் திரும்பிச் சொன்னார்:
"நாளைக்குக் காகிதம்.
நீல மூடி."